மலைக்கு ஒரு தாள் கேட்டு

பழனி மலையிலும் அதன் அடிவாரத்திலும் கலைப் பாடங்கள் நடத்தும் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,



பழனிக்குத் தென்மேற்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில், மலை எழத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது பொருந்தல். 2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் இரண்டு கிலோ அளவுக்கு நெல். கூடவே, பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமனை ஒன்று. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘வய்ர’ என்று கீறியிருந்தது. ஜாடி நெல்லில் இருந்து எடுத்த மாதிரி அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 490 என்ற காலக் கணிப்போடு திரும்பி வந்தது.

அந்த ஒரு செய்தி வெளிவர எத்தனை துறைகள் கூட வேண்டியிருந்தது என்று பாருங்கள். கீறலைப் படிக்கக் கல்வெட்டியல், நெல்லை இனங்காணத் தாவரவியல், அதன் வயதைச் சொல்ல இயற்பியல். அதே குழிகளில் கிடைத்த மணிகள் எந்தக் கல், எந்த ஊர்க் கல் என்று அறியப் புவியியல். இவற்றோடு தமிழ்த் துறையும் வந்து சேர்கிறது. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் பெயரில் இருக்கும் ஊர் இந்தப் பொருந்தல்தான் என்று ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள்.

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. ஒற்றைத் தேதியை வைத்துக்கொண்டு எழுத்தின் வயதை நிறுவிவிட முடியாது என்று எச்சரித்தவர்கள் இருக்கிறார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் கார்பன் கணிப்புக்கான அளவுகோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளைச் சேர்ந்த பொருள் எதுவானாலும் அதன் வயதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். இது தெரியாத வரலாற்று மாணவருக்கு அந்த எச்சரிக்கை ஏன் எழுந்தது என்றே விளங்காது. எழுத்தின் வளர்ச்சி தெரியாத இயற்பியல் மாணவருக்கோ அந்தத் தேதியின் மேல் ஏன் இத்தனை பேருக்கு இவ்வளவு அக்கறை என்பது விளங்காது.

பொருந்தலுக்கு நகரப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் படிக்கிற பிள்ளைக்கு இந்த விவாதம் முழுமையாக எங்கே கிடைக்கிறது? வரலாற்றுத் தாளில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்தால் உண்டு. இளங்கீரனார் தமிழ்த் தாளில் தனியே நிற்கிறார், கார்பன் இயற்பியல் கட்டடத்தில் தனியே நிற்கிறது.

இம்மடல் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பழனி மலையையே பாடமாகக் கொண்டு, தமிழ், வரலாறு, ஆங்கிலம், தாவரவியல், இயற்பியல் ஆகிய துறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு தாள் வேண்டும். எந்த மேஜர் படிக்கிற மாணவரும் அதை எடுத்துப் படிக்கலாம் என்று இருக்க வேண்டும். இப்படியொரு தாளுக்கு இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதற்கான ஆதாரங்கள் மலை முழுக்க இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை உங்கள் முன் வைப்பதற்காகவே இம்மடல்.

முதலில் கொடைக்கானல் வானியற்கூடம். 1899இல் தொடங்கப்பட்டது, கடல்மட்டத்தில் இருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் நகர்வைக் கொண்டு கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்ற பெயரில் உலகெங்கும் பாடநூல்களில் இருக்கிறது அது. இந்த அளவுக்கு நம் இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும்.

அவருடைய மனைவி மேரியைப் பற்றித்தான் தெரியாது. மேரி ஆக்வொர்த் ஆர் 1867இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்தபோது கவிஞர் தாந்தேயின் காவியத்தில் ஆழ்ந்தார். பிறகு ஆஸ்திரேலியா போனார். அங்கே தென்வானத்து விண்மீன்களைப் பார்த்துப் பழக நல்ல கையேடு இல்லை என்று கண்டு தாமே ஒன்றை எழுதினார். 1896இல் நார்வேக்குச் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் எவர்ஷெட்டைச் சந்தித்து, 1906இல் மணந்து, அடுத்த ஆண்டு கணவரோடு கொடைக்கானல் வந்து சேர்ந்தார். சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வேடு 1917இல் இந்த வானியற்கூடத்தின் வெளியீடாகவே வந்தது.

பகலில் சூரியன், மற்ற நேரத்தில் தாந்தே. 1914இல் அவருடைய ‘தாந்தேயும் ஆதி வானியலாளர்களும்’ என்ற ஆங்கில நூல் லண்டனில் வெளியானது. கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் அவர் முடித்த நூல் அது. தாந்தே தம் காவியத்தில் நேரத்தைக் கடிகாரத்தால் சொல்வதில்லை. சூரியன் எங்கே நிற்கிறது, எந்த ராசி எழுகிறது என்று வானத்தைக் காட்டிச் சொல்கிறார். அந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றையும் மேரி வானியலாளரின் கண்ணோடு சோதித்தார். நூலின் முதல் பாதி முழுக்க தாந்தேக்கு முந்தைய வானியலின் வரலாறு. கிரேக்கத் தாலமியின் கணக்குகள் அரபு மொழிக்குப் போகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் அல் ஃபர்கானி அவற்றைச் சுருக்கி எழுதுகிறார். அந்தச் சுருக்கம் லத்தீனில் பெயர்க்கப்பட்டு தாந்தேயின் கைக்கு வருகிறது. ஓர் இத்தாலியக் கவிதைக்கு உரை எழுத மூன்று நாகரிகங்களின் கணித வரலாற்றை அவர் தொட வேண்டியிருந்தது.

காவியத்தின் இரண்டாம் பாகம் தொடங்கும் இடத்தில், தென்துருவத்துப் பக்கம் நான்கு விண்மீன்களைக் கண்டதாகத் தாந்தே சொல்கிறார். தென்சிலுவை விண்மீன்களைத்தான் சொல்கிறாரா, இல்லை உருவகமா என்று அறிஞர்கள் காலங்காலமாக வாதிடுகிறார்கள். பிளாரன்சில் இருந்து பார்த்தால் தென்சிலுவை தெரியாது. கொடைக்கானலில் சித்திரை, வைகாசி மாதத்து முன்னிரவுகளில் மேகம் விலகினால் தெற்கே மலைவிளிம்புக்கு மேல் தெரியும். நம் பெரியவர்கள் திரிசங்கு என்பது அதைத்தான். ஆங்கில இலக்கிய மாணவர்களை ஓர் இரவு வானியற்கூடத்துப் பக்கம் அழைத்துப் போய் அதைக் காட்டிவிட்டு, மறுநாள் வகுப்பில் அந்த இடத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அதே வகுப்பில் இயற்பியல் மாணவரும் உட்கார்ந்திருக்கட்டும். எந்த அகலாங்கு வரை அந்த விண்மீன்கள் தெரியும் என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

மேரிக்கு வானியற்கூடத்தில் ‘இலக்கியத் துறை’ என்று ஒன்று இருக்கவில்லை. பக்கத்திலேயே இரண்டும் இருந்தன, அவர் இரண்டையும் படித்தார். நம் பிள்ளைகளுக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன, நடுவில் துறைச் சுவர் நிற்கிறது.

அடுத்தது பேகன். பழனியின் பழைய பெயர் பொதினி, ஆவியர் குடியின் ஊர் அது. வையாவிக் கோப்பெரும்பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். புறநானூற்றில் அவனைப் பற்றி ஏழு பாடல்கள் இருக்கின்றன. மயிலும் கொடையுமாக அவனைப் போற்றுபவை இரண்டுதான். மற்ற ஐந்தும் அவனால் கைவிடப்பட்ட மனைவி கண்ணகிக்காகப் பேசுபவை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், இன்றிரவே தேர் பூட்டி அவள் துயரைத் தீர்க்கப் புறப்படு என்ற பொருள்படக் கேட்கிறார்கள். பரிசு வாங்கி வாழ்ந்த புலவர்கள் ஒரு பெண்ணுக்கு நீதி வேண்டிப் பரிசை மறுத்த அரிய இடம் அது. மயில் பாடநூலுக்குள் போனது, கண்ணகி வெளியே நின்றுவிட்டாள்.

தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே அமைந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் நிறுவப்பட்டு, இதே மலைமேல் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. இந்த ஐந்து பாடல்களையும் பெண்ணியல், சட்டம், தமிழ் மூன்றும் சேர்ந்து படிக்க வேறெந்த வளாகத்துக்கு இதைவிட உரிமை இருக்கிறது? கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு அன்று அரசவையில் பேச யார் இருந்தார்கள், இன்று குடும்ப நீதிமன்றத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு மாணவி ஒப்பிட்டு எழுதினால் நல்ல முதுகலை ஆய்வேடு கிடைக்கும். மயில் பற்றி விலங்கியல் மாணவிக்கும் கேள்வி இருக்கிறது. அடிவாரத்தில் கூட்டமாகத் திரியும் மயில் மலையில் எவ்வளவு உயரம் வரை ஏறுகிறது, உண்மையிலேயே குளிருமா அதற்கு?

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாத சுற்றுலாப் பேருந்து இல்லை. 1936இல் அதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்த அவரது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் ஹாரிசன். யாழ்ப்பாணத் தமிழரும் இலங்கையின் பெருந்தலைவருமான சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. திருமணத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ராமநாதன் மத்தேயு நற்செய்திக்கும் யோவான் நற்செய்திக்கும் சைவ சித்தாந்தப் பார்வையில் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார், அவை 1898இலும் 1902இலும் நூல்களாக வந்தன, பதிப்பித்தவர் ஹாரிசன். ஒரு சைவர் பைபிளுக்கு உரை சொல்ல, ஒரு மேலைநாட்டுப் பெண் அதைப் பதிப்பித்து, பின்னாளில் முருகனுக்குக் கோயிலும் எழுப்பியிருக்கிறார். சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கும் தாளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது?

அந்தக் கதை பல்கலைக்கழகத்திலும் போய் முடிகிறது. ராமநாதன் 1921இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில்தான் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அது. கொடைக்கானல் கோயிலை இப்போது பழனி தேவஸ்தானம் பார்த்துக்கொள்கிறது. பழனியில் கலைக் கல்லூரிகளை நடத்துவதும் அதே தேவஸ்தானம்தான். யாழ்ப்பாணத்துத் துறையொன்றோடு இணையவழியில் ஒரு கூட்டு வகுப்பு நடத்த, இந்தத் தொடர்பைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

சண்பகனூர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களில் பலர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். இயேசு சபையினர் 1895இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரி தத்துவம் படிக்கும் இடமாக இருந்தது. அந்தச் சபைக் குருக்களான ஆங்லேட், நியூட்டன் இருவரும் பழனி மலையின் கற்திட்டைகளை அளந்து எழுதியதை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. அதே சபையின் கே. எம். மேத்யூ இந்த மலையின் தாவரங்களை மூன்று தொகுதிகளில் 1999இல் வெளியிட்டார். தத்துவமும் இறையியலும் படித்தவர்கள் கல்லையும் செடியையும் படித்ததில் யாருக்கும் வியப்பு இருக்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பழனி மலைப் பழங்குடிகளான பளியர்களைப் பற்றி டாமன் என்ற குரு 1908இல் ‘ஆந்த்ரோபோஸ்’ என்ற மானிடவியல் இதழில் கட்டுரை எழுதினார். அக்காலத்துக்கு அரிய பதிவு. ஆனாலும் அதில் பளியர்கள் யாரோ ஒருவரால் பார்க்கப்படுபவர்கள் மட்டுமே. நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் உருவாக்கப் போகும் தாளில் பளியர், புலையர் குடிப் பெரியவர்கள் வகுப்பெடுக்கும் நாட்கள் இருக்க வேண்டும். தேன் எடுக்கும் பாறையையும் கிழங்கு தோண்டும் பருவத்தையும் சொல்ல அவர்களைவிட யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும், வருகைப் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே கணக்கில். அந்தக் குடிகளில் இருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் இந்தத் தாளில் தங்கள் பாட்டி தாத்தாவின் அறிவைச் சான்றாகக் காட்டி எழுத வழி வேண்டும்.

பழம்பெருமை பேசும் தாளாக மட்டும் இது ஆகிவிடக் கூடாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 1983இல் தொடங்கி 2001இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்தது வெளியே தெரிந்த பிறகுதான் அது நடந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட 2016 மார்ச் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னைப் பாடகி சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் உலகம் முழுக்கப் போய், பதினான்கு ஆண்டுகளாக ஊர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பல நாட்டவர் காதிலும் போட்டது. பாதரசம் உடலுக்குள் என்ன செய்யும் என்பது வேதியியலும் மருத்துவமும். தொழிலாளியின் சொல் எப்படிச் சான்றாகிறது என்பது சட்டம். எங்கோ எழுந்த பாட்டு இங்கே ஒரு வழக்கின் போக்கை எப்படித் தொடுகிறது என்பது இலக்கியமும் ஊடகமும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் படித்தவருக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகள் பிடிபடா.

உங்கள் கூட்டத்தில் என்னென்ன மறுப்புகள் எழும் என்பது ஊகிக்கக்கூடியதே. முதல் மறுப்பு வேலை பற்றியது. அது நியாயமான கேள்வி. மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகையை நம்பி மகளை அனுப்பும் வீட்டுக்கு, “ஆர்வத்துக்காகப் படி” என்று சொல்வது அநியாயம். ஆனால் அகழாய்வுக் குழுவும் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் சுற்றுச்சூழல் அமைப்பும் செய்தி நிறுவனமும் மொழிபெயர்ப்புப் பணியும் கேட்பது இரண்டு துறை தெரிந்த ஆட்களைத்தான். வரலாறு மட்டும் படித்த நூறு பேர் விண்ணப்பிக்கும் இடத்தில், வரலாற்றோடு தாவரவியல் கள அனுபவமும் உள்ள ஒரு பெண் தனித்துத் தெரிவார்.

இரண்டாவது, ஆழம் போய்விடும் என்ற அச்சம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு எதிலும் ஊன்றாத பட்டதாரிகள் உருவாவார்கள் என்பது உண்மையான ஆபத்துதான். தனிநாயகம் அடிகளை நினைத்துப் பார்க்கலாம். ரோமில் இறையியல் முடித்து, லத்தீனும் ஐரோப்பிய இலக்கியமும் கற்ற பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து முறையாகத் தமிழ் படித்தார். அதன் பிறகே சங்க இலக்கியத்தின் இயற்கையைப் பிற இலக்கியங்களோடு ஒப்பிட்டார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் சட்டமும் வரலாறும் படித்துவிட்டுத் தமிழுக்கும் மொழியியலுக்கும் வந்தவரே. ஒரு துறையில் ஊன்றி நின்றதால்தான் இருவராலும் மற்றதற்குத் தாண்ட முடிந்தது. ஆகவே மேஜர் தாள்களில் ஒன்றையும் குறைக்க வேண்டாம். அலைடு தாளுக்கும் விருப்பத் தாளுக்கும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இதை வையுங்கள்.

மூன்றாவது, யார் நடத்துவது என்பது. உள்ளபடியே கடினமான கேள்வி இதுதான். பணிச்சுமைக் கணக்கு துறைவாரியாகப் போடப்படுகிறது. வேறு துறை வகுப்புக்குள் போன மணி நேரம் எங்கே எழுதப்படும் என்று தெரியாமல் எந்த ஆசிரியரும் முன்வர மாட்டார். கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் இதைக் கட்டிவிட்டால் தாள் ஓராண்டில் செத்துப்போகும். கல்விக் குழு முதலில் தீர்க்க வேண்டியது இந்த மணி நேரக் கணக்கைத்தான். அதைத் தீர்க்காமல் பாடத்திட்டம் அச்சடிப்பதில் பயன் இல்லை.

தாளின் வடிவம் எளிமையாகவே இருக்கலாம். வகுப்பறையில் பாதி, மலையில் பாதி. பொருந்தல், தாண்டிக்குடி, சண்பகனூர், வானியற்கூடம், பூம்பாறை என்று சில இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்தே போக வேண்டும், பிள்ளைகள் முன்னால் அவர்கள் தங்களுக்குள் வாதிட வேண்டும். தேர்வுக்குப் பதில், வேறு மேஜர் படிக்கும் மூன்று மாணவர்கள் கூடி எழுதும் ஒரு திட்டக் கட்டுரை. தமிழிலேயே எழுதலாம் என்ற உரிமை அதில் இருக்க வேண்டும். பளியர் குடிப் பெண் ஒருத்தி சொன்ன தேன் கணக்கை ஆங்கிலத்தில் எழுத முடியாமல் ஒரு பிள்ளை அரியர் வைக்கும் நிலை வரக் கூடாது.

காலக்கெடுவும் ஒன்று இருக்கிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அது வளரும் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகையும் பைனும் யூகலிப்டசும் மூடிப்போய்விட்டது. மிஞ்சியிருக்கும் சரிவுகளை இப்போதே குறித்து வைத்தால்தான் பூக்கும்போது ஒப்பிட முடியும். அந்தக் கணக்கெடுப்போடு சேர்த்து, குறிஞ்சித் திணைப் பாடல்களையும், குறிஞ்சி ஆண்டவர் கோயிலின் வரலாற்றையும், முந்தைய பூப்புகளைக் கண்ட பெரியவர்களின் நினைவுகளையும் திரட்டும் வேலைக்கு ஒரு மாணவர் அணி வேண்டும். 2028 ஜூனில் முதலாண்டு சேரும் பிள்ளைகள் 2030இல் பூ விரியும்போது மூன்றாம் ஆண்டில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தாள் கிடைக்க வேண்டுமென்றால், 2027-28 கல்வியாண்டு முடிவதற்குள் அது உங்கள் குழுவிலும் கல்விக் குழுவிலும் தேறியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறது இம்மடல்.